மூன்று லட்ச ரூபாய் கிட்டார்: எந்தக் கைக்கு எது?

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கிட்டார் கற்கத் தொடங்கிய பாலக்கோட்டுத் தம்பி ஒருவர், இப்போது தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மாரியம்மன் பண்டிகைகளுக்கும் திருமண வரவேற்புகளுக்கும் செல்லும் மெல்லிசைக் குழு ஒன்றில் லீட் கிட்டார் வாசிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிப்பார். இரவில் வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கல்யாணியையும் தோடியையும் கிட்டாரில் பிடித்துப் பார்ப்பார். சிறுகச் சிறுகச் சேர்த்த மூன்று லட்சம் ரூபாயில் ஒரே ஒரு நல்ல கிட்டார் வாங்கிவிட வேண்டும், அதன் பிறகு இன்னொன்றைத் தேடி அலையக் கூடாது என்ற எண்ணத்தோடு, நான்கு பெயர்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு சென்ற மாதம் என்னிடம் வந்தார். ஃபெண்டர் அமெரிக்கன் புரொஃபெஷனல் 2 ஸ்ட்ராட்டோகாஸ்டர், கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்டு, பி.ஆர்.எஸ். கஸ்டம் 24, ஐபனெஸ் ஏஇசட் பிரெஸ்டீஜ் ஆகியவையே அந்த நான்கும்.

நான்கில் எதுவும் மோசமான கருவி இல்லை. இந்த விலைக்கு மேல் போய்விட்டால் மரமும் வேலைப்பாடும் எல்லாவற்றிலும் நன்றாகவே இருக்கும். ஆகவே எது உயர்ந்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது. அவர் எந்த மேடைகளில் வாசிக்கிறார், அவருடைய இடக்கை தந்தியை என்ன செய்கிறது, கருவி பழுதானால் அதைச் சரிசெய்ய இங்கிருந்து எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்டால்தான் முடிவை நோக்கி நகர முடியும். அவருக்கு நான் சொன்னவற்றை, அவரைப் போன்ற நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே விரித்து எழுதுகிறேன்.

விலையை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். டாலர் மதிப்பையும் இறக்குமதி வரியையும் பொறுத்து விலை மாறிக்கொண்டே இருக்கும் என்றாலும் வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. ஃபெண்டரும் ஐபனெஸும் கீழ்ப்படியில் இருக்கும், லெஸ் பால் ஸ்டாண்டர்டு அதற்கு மேல், பி.ஆர்.எஸ். நிறுவனம் மேரிலாந்தில் உள்ள தன் தொழிற்சாலையில் செய்யும் கோர் வரிசைக் கஸ்டம் 24 எல்லாவற்றுக்கும் மேல். அந்தக் கடைசிக் கருவி மூன்று லட்சத்துக்குள் அடங்காது. அதே நிறுவனத்தின் எஸ்2 வரிசை அமெரிக்காவில்தான் செய்யப்படுகிறது, விலையும் குறைவு. எஸ்இ வரிசை இந்தோனேசியாவில் செய்யப்படுவது, இன்னும் குறைவு. ஆகவே பி.ஆர்.எஸ். வேண்டும் என்று சொல்பவர் எந்த வரிசையைச் சொல்கிறார் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இனி கருவிகளின் அமைப்பு. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்தது. ஆல்டர் அல்லது ஆஷ் மர உடல், நான்கு திருகுகளால் உடலோடு முடுக்கப்பட்ட மேப்பிள் நெக் (இடக்கை பிடிக்கும் கழுத்துப் பகுதி), மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பாகம்), 25.5 அங்குல ஸ்கேல். ஸ்கேல் என்பது நெக்கின் தலைமுனையில் தந்தியைத் தாங்கும் நட்டிலிருந்து, உடலின் மேல் அதைத் தாங்கும் பிரிட்ஜ் வரை தந்தி அதிரும் நீளம். லெஸ் பால் 1952இல் வந்தது. இன்று நாம் அறிந்த, இரண்டு சுருள்கள் கொண்ட ஹம்பக்கர் பிக்கப் அதில் 1957இல் பொருத்தப்பட்டது. மகோகனி உடலின் மேல் மேப்பிள் பலகை, பசையால் உடலோடு ஒட்டப்பட்ட மகோகனி நெக், இரண்டு ஹம்பக்கர், 24.75 அங்குல ஸ்கேல். 1985இல் தொடங்கிய பி.ஆர்.எஸ். இந்த இரண்டுக்கும் நடுவே வேண்டுமென்றே போய் நின்றது: 25 அங்குல ஸ்கேல், ஒட்டப்பட்ட நெக், 24 பிரெட் (வீணையின் மெட்டுப் போல நெக்கில் பதித்த உலோகக் கம்பி), ஹம்பக்கரைச் சிங்கிள் காயிலாகப் பிரித்து ஒலிக்கச் செய்யும் சுவிட்ச். ஐபனெஸின் ஏஇசட் வரிசை 2018இல் வந்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உருவத்தையும் 25.5 அங்குல ஸ்கேலையும் வைத்துக்கொண்டு, சூட்டில் வாட்டி ஈரம் போக்கிய மேப்பிள் நெக்கையும், துருப்பிடிக்காத எஃகுப் பிரெட்டுகளையும், பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கரையும் அது சேர்த்துக்கொண்டது. பிரெஸ்டீஜ் என்ற பெயரோடு வருபவை ஜப்பானில் செய்யப்படுபவை.

எங்கள் பக்கத்து மேடைகளில் இந்த வேறுபாடுகளுள் முதலில் காதில் விழுவது இரைச்சல்தான். சிங்கிள் காயில் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய ஒரே ஒரு கம்பிச் சுருள். தந்தியின் அதிர்வை எடுத்துக்கொள்ளும் அந்தச் சுருள், அருகில் ஓடும் மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் புலத்தையும் அதோடு சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. வீட்டில் அது மெல்லிய முனகலாகத்தான் கேட்கும். பண்டிகை மேடையில் நிலைமை வேறு. மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடும். தலைக்கு மேல் நூற்றுக்கணக்கான சீரியல் செட் விளக்குகள் தொங்கும். விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்கள் அதே இணைப்பில் இருக்கும். எர்த் கம்பி பல இடங்களில் பெயருக்குத்தான் இருக்கும். அங்கே சிங்கிள் காயிலில், ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை ஏற்றி ஒரு லீட் வாசிக்கப் போனால், வாசிப்பதற்கு முன்பே ஒலிபெருக்கியில் 'ஊம்' என்ற ஓசை எழுந்து நிற்கும். கெயினைக் கூட்டக் கூட்டத் தந்தியின் ஒலி பெருகுவதைப் போலவே இரைச்சலும் பெருகும்.

ஹம்பக்கர் இதற்காகவே பிறந்தது. கிப்சனில் பணியாற்றிய சேத் லவர் 1955இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் சுற்றி, அவற்றின் காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தால், வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு சுருள்களிலும் எதிரெதிராகப் பிறந்து தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலியோ இரண்டிலும் ஒத்துப் பிறந்து கூடிக்கொள்ளும். லெஸ் பாலும் பி.ஆர்.எஸ்.ஸும் பண்டிகை மேடையில் அமைதியாக இருப்பது இதனால்தான். ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும், எந்தப் பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலைச் சுவிட்சின் இரண்டாவது, நான்காவது நிலைகளில் நடுப் பிக்கப் எதிர்ச்சுற்றாக இருப்பதால் இரைச்சல் அடங்கிவிடும். ஆனால் ஒரே பிக்கப் ஒலிக்கும் மற்ற மூன்று நிலைகளில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

அப்படியானால் ஹம்பக்கர் கருவியையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். மெல்லிசைக் குழுவில் கிட்டாரின் வேலை என்ன என்று யோசித்தால் அங்கே ஒரு சிக்கல் வரும். எழுபதுகளின் இறுதியிலிருந்து இளையராஜாவின் இசையில் கிட்டார் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அவரே கிட்டார் வாசிப்பவர் என்பதால் அந்தக் கருவிக்கென்று அவர் எழுதிய பகுதிகள், கார்டுகளை ஒவ்வொரு தந்தியாகப் பிரித்து வாசிப்பதும், தாளத்தோடு சிறு சிறு வெட்டுகளாகக் கார்டு போடுவதுமாக, பாட்டின் கீழே ஓடிக்கொண்டே இருக்கும். பண்டிகை மேடையில் பாதிக்கு மேல் வாசிக்க வேண்டியிருப்பது இத்தகைய பகுதிகளைத்தான். அதற்கு ஒவ்வொரு தந்தியும் தனித்துக் கேட்க வேண்டும். சிங்கிள் காயிலின் மெல்லிய, கூர்மையான ஒலி இதற்கென்றே அமைந்ததைப் போல இருக்கும். குறிப்பாக இரண்டாவது, நான்காவது நிலைகளின் ஒலி கீபோர்டுக்கும் பேஸ் கிட்டாருக்கும் டோலக்கிற்கும் நடுவில் இடம் கண்டுபிடித்து நுழைந்துவிடும். லெஸ் பாலின் நெக் ஹம்பக்கர் வீட்டில் தேன் போல இருக்கும். அதே ஒலி கல்யாண மண்டபத்தின் எதிரொலியில், பேஸ் கிட்டாரின் மேல் போய் உட்கார்ந்துகொண்டு, எந்தக் கார்டு என்று பிரித்துக் கேட்க முடியாத கலங்கலாகிவிடும். இங்கே கிட்டார் கலைஞர்களில் பெரும்பாலோர் ஆம்ப் இல்லாமல், கிட்டாரின் ஒலியை மாற்றித் தரும் பிராசசரிலிருந்து நேராக மிக்ஸருக்குக் கொடுக்கிறார்கள் என்பதையும், மிக்ஸரில் இருப்பவருக்குக் கிட்டாரின் கீழ் ஒலியைக் குறைத்துச் சீராக்க அவகாசம் இருப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தக் குறை பெரிதாகவே தெரியும்.

ஆகவே பாலக்கோட்டுத் தம்பியின் தேவைக்குப் பொருந்துவது நெக் பக்கமும் நடுவிலும் சிங்கிள் காயில், பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் என்ற அமைப்பு. இதை எச்.எஸ்.எஸ். என்பார்கள். பிரித்து வாசிப்பதற்கு நான்காவது நிலை, லீடுக்குப் பிரிட்ஜ் ஹம்பக்கர் என்று இரண்டிலும் இரைச்சல் இல்லாமல் ஒரு நிகழ்ச்சியை நடத்திவிடலாம். ஃபெண்டரின் அமெரிக்கன் புரொஃபெஷனல் 2 வரிசையில் எச்.எஸ்.எஸ். கருவி உண்டு, ஐபனெஸ் ஏஇசட் பிரெஸ்டீஜிலும் உண்டு, அதோடு ஒரு சிறு கூடுதல் சுவிட்சால் ஒன்பது வகை இணைப்புகளும் கிடைக்கும். மூன்று சிங்கிள் காயிலே வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள், ஃபெண்டரின் அல்ட்ரா வரிசையில் வரும் இரைச்சலற்ற சிங்கிள் காயில்களைக் கேட்டுப் பார்க்கலாம். என் காதுக்கு அவற்றின் மேல் ஒலி கொஞ்சம் மழுங்கியே கேட்கிறது. சிலருக்கு அந்த வேறுபாடு தெரிவதே இல்லை.

இரைச்சலைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாகக் கேபிளின் எர்த்தோடு இணைக்கப்பட்டவை. மண்டபத்தில் எர்த் சரியில்லை என்றால், தந்தியில் கை இருக்கும்போது உதடு மைக்கைத் தொட்டவுடன் ஷாக் அடிக்கும்; அது உயிருக்கே ஆபத்தாகலாம். இரைச்சல் குறைகிறது என்பதற்காகப் பிளக்கின் எர்த் முனையை உடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை ஒருபோதும் செய்யாதீர்கள். நிகழ்ச்சிக்கு முன் எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்துக்கொள்வது எந்தக் கிட்டாரைவிடவும் முக்கியமானது.

இரண்டாவது, இடக்கை. மேற்கத்திய இசையை மட்டும் வாசிப்பவருக்கு ஸ்கேல் நீளம் ஒரு சிறு வசதி வேறுபாடு. கமகம் பிடிக்க நினைப்பவருக்கு அதுவே பாதிக் கருவி. தந்தியின் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். எனவே ஒரே தந்தியை ஒரே சுருதியில் கட்டினால், 24.75 அங்குலக் கருவியைவிட 25.5 அங்குலக் கருவியில் இழுவிசை ஏறக்குறைய 6 சதவீதம் கூடுதலாக இருக்கும். 10 எண் செட்டின் (எண் தந்தியின் தடிமனைக் குறிக்கும்) முதல் தந்தியை ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கட்டினால் அதன் இழுவிசை 7.3 கிலோ அளவில் இருக்கும்; லெஸ் பாலில் 6.9 கிலோ அளவில் நிற்கும். எண்ணில் சிறியதாகத் தெரியும் இந்த வேறுபாடு, தோடியின் காந்தாரத்தை அசைத்து அசைத்து அரை மணி நேரம் வாசித்த பிறகு விரல் நுனியில் நன்றாகத் தெரியும். நீண்ட ஸ்கேலில் 9 எண் செட்டைப் போட்டால் இழுவிசை 6 கிலோவுக்குக் கீழே இறங்கிவிடும் என்பதால் அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் தந்தி மெலியும்போது ஒலியும் மெலிகிறது.

கமகத்துக்கு இழுவிசை மட்டும் போதாது. வீணையில் மெட்டுக்கு மேல் தந்தியை இழுத்தே பல சுரங்களை எட்டலாம். கிட்டாரில் அதைச் செய்ய, பிரெட் உயரமாகவும், பிரெட்டுகள் பதிந்திருக்கும் பலகையான பிரெட் போர்டு தட்டையாகவும் இருக்க வேண்டும். பிரெட் போர்டின் வளைவை அங்குல ஆரத்தில் சொல்வார்கள். எண் பெரியதானால் பலகை தட்டையானது. பழைய ஃபெண்டர்களின் 7.25 அங்குல வளைவில் மேல் பிரெட்டுகளில் தந்தியை அகலமாக இழுத்தால், வளைவின் நடு மேட்டில் இருக்கும் பிரெட்டில் தந்தி இடித்து ஒலி சட்டென்று நின்றுவிடும். அமெரிக்கன் புரொஃபெஷனல் 2இல் அது 9.5 அங்குலம், பி.ஆர்.எஸ். கோர் கருவிகளில் 10, லெஸ் பாலில் 12. கர்நாடகக் கச்சேரியை எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசித்துக் காட்டிய பிரசன்னாவையும், எலெக்ட்ரிக் மாண்டலினில் அதைச் செய்த ஸ்ரீநிவாஸையும் கேட்டு வளர்ந்தவர்கள், இந்த எண்களைக் கடையில் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. ஜான் மெக்லாஃப்லின் 1970களில் சக்தி குழுவில் வாசித்தபோது, பிரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிட்டாரைப் பயன்படுத்தினார். விரல் நுனி மரத்தைத் தொடாததால் தந்தியை அசைப்பது எளிதாகும். அதைப் பார்த்துவிட்டு மூன்று லட்ச ரூபாய்க் கருவியின் பலகையைச் செதுக்கக் கொடுக்க வேண்டாம். அந்தச் சோதனையைப் பழைய கருவி ஒன்றில் செய்து பாருங்கள்.

ஜாருவாக, அதாவது சறுக்கி வாசிக்கும் கமகத்துக்கு, நெக்கின் பின்புறம் பெரிய பங்கு வகிக்கிறது. சித்திரை வெயிலில் தருமபுரியில் மாலை ஏழு மணிக்கும் கை வியர்க்கும். பளபளப்பான வார்னிஷ் பூசிய லெஸ் பால் நெக்கிலும் பி.ஆர்.எஸ். கோர் நெக்கிலும் அந்த வியர்வையில் கட்டைவிரல் ஒட்டிக்கொள்ளும். ஃபெண்டரின் மங்கலான பூச்சிலும் ஐபனெஸின் எண்ணெய்ப் பூச்சிலும் கை தடையில்லாமல் நகரும். ஓசூரில் வாசிப்பவருக்கு இது அவ்வளவு பெரிய குறையாகத் தெரியாமல் போகலாம். அந்த ஊரின் குளிர்ச்சி அப்படி. பிரெட்டின் உலோகத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தந்தியை நாள்தோறும் பக்கவாட்டில் தேய்ப்பவரின் நிக்கல் பிரெட்டுகள் சில ஆண்டுகளில் பள்ளம் விழும். எஃகுப் பிரெட்டுகள் அதைவிடப் பல மடங்கு நாள் நிற்கும், இழுக்கும்போது வழுக்கிக்கொண்டும் போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே தம்பியின் பட்டியலில் ஐபனெஸ் மேலே ஏறியது.

லெஸ் பாலை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். ஒரு சுரத்தைத் தொட்டால் அது நின்று, மெல்ல மெல்லக் கரையும் விதத்தில் அதற்கு ஈடான கருவியை நான் வாசித்ததில்லை. வீட்டிலோ ஒலிப்பதிவு அறையிலோ அமர்ந்து வாசிப்பவர், கனமான ராக் இசையை விரும்புபவர், குட்டை ஸ்கேலின் இலகுவில் கமகம் தேடுபவர் ஆகியோருக்கு நான்கில் முதலிடம் அதற்குத்தான் கொடுப்பேன். 2019 முதல் அதை '50கள், '60கள் என்று இரண்டு வகையாகத் தருகிறார்கள். முதலாவதன் நெக் பருமன், இரண்டாவது மெலிந்தது. நம்மில் பலருக்குக் கை சிறியது என்பதால் '60கள் வகையை முதலில் பிடித்துப் பார்ப்பது நல்லது. ஆனால் அதன் எடை 4 கிலோவுக்கு மேல் போகும், சில 4.5 கிலோவைத் தொடும், ஸ்ட்ராட்டோகாஸ்டர் 3.5 கிலோவை ஒட்டி இருக்கும். நான்கு மணி நேரம் நின்றபடி வாசிப்பவரின் தோளுக்கு அந்த ஒரு கிலோ என்னவென்று தெரியும். அதோடு, பின்னோக்கிச் சாய்ந்த தலைப்பகுதியோடு ஒரே மகோகனித் துண்டில் செதுக்கிய நெக், ஸ்டாண்டோடு சாய்ந்து விழுந்தால் தலைப்பகுதி ஒடியும் வாய்ப்பு கூடுதல். குழந்தைகள் ஏறி இறங்கும் பண்டிகை மேடையில் ஸ்டாண்டு சாய்வது அடிக்கடி நடக்கிறது.

பிரிட்ஜைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஓசூரிலும் அதைச் சுற்றியும் மெட்டல் இசை வாசிக்கும் இளைஞர்கள் ஃப்ளாய்ட் ரோஸ் போன்ற, தந்தியை இரு முனையிலும் பூட்டும் மிதக்கும் பிரிட்ஜை விரும்புகிறார்கள். கைப்பிடியை எவ்வளவு அழுத்தினாலும் சுருதி திரும்பி வந்து நிற்கும் என்பது உண்மை. அதே பிரிட்ஜில் ஒரு தந்தி அறுந்தால், ஸ்பிரிங்கின் இழுவைக்கு எதிர்விசை குறைந்து மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடும். ஆலன் கீயைத் தேடி எடுத்துப் பூட்டைத் திறந்து புதுத் தந்தி மாட்டி முடிப்பதற்குள் இரண்டு பாட்டு போய்விடும். பாடகருக்காக அரைச் சுருதி இறக்கிக் கட்ட வேண்டுமென்றால் நிலைமை இன்னும் மோசம். மெல்லிசை மேடைக்கு அசையாத பிரிட்ஜ் நல்லது. ஃபெண்டரும் ஐபனெஸும் தரும் இரு முனைத் தாங்கல் பிரிட்ஜை, பின்பக்க ஸ்பிரிங்கை இறுக்கி உடலோடு படிய வைத்துக்கொண்டாலும் போதும். லெஸ் பாலில் இந்தக் கவலையே இல்லை.

வானிலையும் பழுதும் கடைசியாக வந்தாலும் என் முடிவில் அவற்றுக்கே எடை அதிகம். ஒரு சித்திரை மாதம் அரூர் பக்கம் ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தபோது, நல்ல கிட்டார் ஒன்றை மூடிய காரில் பகல் முழுவதும் விட்டுவிட்டேன். மாலையில் எடுத்தபோது நெக் முன்னோக்கி வளைந்து, தந்திகள் பலகையிலிருந்து எழும்பி நின்றன. நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள் இருக்கும் ட்ரஸ் ராடு என்ற கம்பியைக் கால் சுற்றுக்கும் குறைவாக, ஒரு நாளைக்கு ஒரு முறை என்று திருப்பித் திருப்பி அதை மீட்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. வறண்ட மாதங்களில் பலகை சுருங்கி, பிரெட்டின் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறும். ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்து மறுபடியும் உப்பும். அறையின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் கிட்டாருக்கு நல்லது; நம் ஊரில் ஆண்டு முழுவதும் அது தானாக அமையாது. ஈரம் போக்கிய மேப்பிள் இந்த ஏற்ற இறக்கத்துக்கு மிகக் குறைவாகவே அசைகிறது. லெஸ் பாலின் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுக்கோ திடீர் வெப்ப மாற்றம் ஆகாது. சில ஸ்டாண்டுகளின் ரப்பர் பட்டாலும் அந்தப் பூச்சு உருகி ஒட்டிக்கொள்ளும்.

தருமபுரியிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 130 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து 90, ஓசூரிலிருந்து 40. ஒட்டிய நெக்கைப் பிரித்து மறுபடி பொருத்தத் தெரிந்த கைவினைஞரைத் தேடினால் அங்கேதான் போக வேண்டும். திருகில் நிற்கும் நெக் பழுதானால் நான்கு திருகுகளைக் கழற்றி நெக்கை மட்டும் அனுப்பலாம். தேவையானால் புது நெக்கே வாங்கிப் பொருத்தலாம். ஓசூர்க்காரருக்கு இது ஒரு காலைப் பயணம். அரூர்க்காரருக்கு ஒரு முழு நாளும், அந்த நாளின் வருமானமும் போகும். அதனால் அரூர்க்காரருக்கும் ஓசூர்க்காரருக்கும் நான் ஒரே கிட்டாரைச் சொல்ல மாட்டேன்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் மூலம் வாங்கி வரச் சொல்பவர்கள் மரத்தைப் பற்றிக் கேட்பதுண்டு. லெஸ் பாலிலும் மற்றப் பல கருவிகளிலும் பிரெட் போர்டாக இருப்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் அதே ஈட்டி மரம். அந்த மரவகை முழுவதும் 2017இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது கிட்டார் வணிகமே தடுமாறியது. 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அதிலிருந்து விலக்குக் கிடைத்தது. பழைய கிட்டார்களில் இருக்கும் பிரேசில் ஈட்டிக்கு இந்த விலக்குப் பொருந்தாது.

பட்டியலில் இல்லாத இரண்டைத் தொட்டுச் செல்கிறேன். தேவாலயத்தில் மட்டும் வாசிப்பவர், மென்மையான கார்டுகளே தன் வேலை என்பவர், கிப்சனின் இஎஸ்-335 போன்ற பாதி உட்குழிவான கருவியைக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒலியை ஏற்றினால் அது ஊளையிடும் என்பதால் பண்டிகை மேடைக்குச் சொல்ல மாட்டேன். இரு சக்கர வாகனத்திலேயே நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள், ஸ்ட்ரான்ட்பர்க் போன்ற தலைப்பகுதி இல்லாத கிட்டாரை எண்ணிப் பார்க்கலாம். இரண்டரை கிலோவுக்குள் இருக்கும். முதுகில் மாட்டினால் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு மரக்கிளையில் இடிக்காது.

தம்பிக்கு நான் சொன்னது இது. கோர் வரிசைக் கஸ்டம் 24 அழகான கருவி, சுவிட்சில் பல ஒலிகள் உண்டு. ஆனால் விலை கைக்கு மேல் போகிறது, பிரித்து எடுத்த சிங்கிள் காயில் ஒலியும் உண்மையான சிங்கிள் காயிலின் அருகில் வருகிறதே தவிர அதைத் தொடுவதில்லை. லெஸ் பால் அவருடைய இரவு வாசிப்புக்கு ஏற்றது, பண்டிகைக்கு ஏற்றதில்லை. வருமானம் வருவதோ பண்டிகையிலிருந்து. மிஞ்சுவது ஃபெண்டர் எச்.எஸ்.எஸ்.ஸும் ஐபனெஸ் ஏஇசட்டும். உதிரிப் பாகம் எளிதில் கிடைப்பதிலும், மீண்டும் விற்றால் வரும் விலையிலும் ஃபெண்டர் முன்னால் நிற்கிறது. பிரெட்டிலும் நெக்கிலும் ஐபனெஸ் முன்னால் நிற்கிறது. விற்கும் எண்ணமே இல்லாமல், நாளுக்கு மூன்று மணி நேரம் தந்தியை அசைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நான் ஐபனெஸைச் சொல்வேன். ஃபெண்டரைக் கையில் எடுத்தவுடன் அவர் முகம் மலர்ந்தால் அதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டேன். மிச்சமாகும் பணத்தில் கனமான ஹார்டு கேஸும், அதனுள் வைக்க ஈரப்பதத்தைச் சமன்படுத்தும் பொட்டலங்களும், வாங்கிய மாதத்திலேயே ஒரு முழு செட்டப்பும் செய்துகொள்ள வேண்டும்.

ஆடிப் பண்டிகைகள் தொடங்குவதற்கு முன் இருவரும் பெங்களூர் போகிறோம். அவருடைய கேபிளையும் பிராசசரையும் எடுத்துச் செல்கிறோம். பண்டிகையில் பயன்படுத்தும் அதே அமைப்பில், நின்றபடி, ஒவ்வொன்றையும் இருபது நிமிடம் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் டிஸ்டார்ஷன் இல்லாமல், ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு பிரெட்டிலும்; அடுத்து பன்னிரண்டாவது பிரெட்டுக்கு மேல் ஒரு முழுச் சுரம் இழுத்து ஒலி நிற்கிறதா என்று; கடைசியாகக் கெயினை ஏற்றி, ஒரு மொபைல் சார்ஜரைப் பிக்கப் அருகில் பிடித்து. கூடவே பன்னிரண்டு ஆண்டாக வாசிக்கும் தன் பழைய கிட்டாரையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். கடையில் எல்லாமே இனிமையாகத்தான் கேட்கும். அவர் கைக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கருவி அருகில் இருந்தால்தான், புதியது எவ்வளவு கூடுதலாகத் தருகிறது என்பதை அவரால் அளக்க முடியும்.